உங்க அத்தானுக்குப் போட்ட மறுசோறு

ஏட்டி தங்கத்தாய்,

நான் மருதப்பன். வயசு இருபத்தேழு. இளையரசனேந்தல்ல இருந்து சங்கரன்கோவிலுக்குப் பிழைக்க வந்து, இதே வீட்டுலதான் உனக்குப் புருசனா இருக்கேன். நேத்து உங்க அத்தான் நல்லகண்ணு வந்ததுல உனக்கு மறந்துபோச்சோன்னுதான் சொல்லுதேன்.

பஞ்சு மில்லுக்குப் போறேன். சாவி மாடக்குழியில இருக்கு. உங்க அத்தான் இன்னைக்கும் மத்தியானம் சாப்பிட வாராராம். அவருக்கு என்ன வேணும்னாலும் ஆக்கிப் போடு. எனக்குத் தண்டால் பழக்குத டிரில் மாஸ்டர் சொன்ன அளவுதான். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி. தண்டால் எடுத்துப் பசிச்சாலும் அதுக்கு மேல திங்கக்கூடாதாம். ராத்திரிக்குக் கம்மங்கூழும் கீரையும் போதும். கீரையில எண்ணெய் ஊத்தாத.

நான் எதுக்குக் கிடந்து தண்டால் எடுக்கேன்? ஆடித்தவசுத் திருவிழாவுல அவரைப் பாத்துட்டு, "அத்தான் மட்டும் கல்யாணத்துக்கு முந்தி இருந்த மாதிரியே இருக்காவ"ன்னு என் தொந்தியப் பாத்துச் சொன்னது நீதான்.

நேத்து அவரு போதும்னு எலைமேல கைய வச்சு மறிச்சாரு. நீ விடல. "கூச்சப்படாதிய அத்தான், இன்னும் ஒரு அகப்பை"ன்னு மறுசோறு போட்ட. நான் கலோரி பாக்க ஆரம்பிச்சதுல இருந்து, எனக்கு வச்சுட்டு நீ பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருத. அவரு தின்ன சோத்துமேல எனக்கு வயித்தெரிச்சல் இல்ல. கெஞ்சிக் கெஞ்சிப் போட்டியே, அதான்.

தாள்ல எடமில்ல, ஓரத்துல எழுதுதேன். ராத்திரி நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஆனாலும் "இன்னும் கொஞ்சம் போடட்டா"ன்னு எங்கிட்டயும் ஒரு தடவை கேளு.