நோர்வேக்குப் போய்ச் சேராத கையுறைகள்

அனுப்புநர்:
திருமதி பிலோமினா யேசுரட்ணம்,
14–3/1, கடற்கரை ஒழுங்கை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
வெளிநாட்டுப் பொதிகள் பிரிவு,
கொழும்பு.

விடயம்: தடுத்து வைக்கப்பட்டுள்ள கம்பளிக் கையுறைப் பொதியும் அதில் வெட்டப்பட்ட ஒரு கையுறையும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. செப்டெம்பர் முதல் வாரத்தில் நோர்வேக்கு அனுப்பவென்று நான் ஒப்படைத்த பொதி இன்னும் தங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றித் தங்கள் கருமபீடத்தில் பலமுறை விளக்கிவிட்டேன். படியேறி வந்து அதையே திரும்பவும் சொல்ல இனி எனக்கு இயலாது. ஆகவே எழுதுகிறேன்.

2. பொதியில் இருப்பவை நான் கையால் பின்னிய ஆறு சோடிக் கையுறைகள். எல்லாம் ஒரே நிறமாக இருப்பதால் வியாபாரப் பொருள் என்றும், ஏற்றுமதி அனுமதி வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. பெறுமதி கேட்ட இடத்தில் “பழைய நூல், பெறுமதி இல்லை” என்று நான் எழுதியது சந்தேகத்தைக் கூட்டிவிட்டதாம். கன்னியர் மடப் பாடசாலையில் எங்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதத்தான் கற்பித்தார்கள். ஏதாவதொரு தொகையைப் போட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

3. யாருக்கு என்று கேட்டார்கள். என் மகன் நிமலன் வாழ்ந்த ஊரில், நீண்ட பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு காட்டு வழியே பனியில் சறுக்கிச் செல்வதற்கான பாதைகள் உண்டு. பனிக்காலத்துக்கு முன் ஊரவர் கூடி, விழுந்த மரங்களை அறுத்து அகற்றி, சேற்றுப் பள்ளங்களுக்குப் பலகை போட்டு, வழிகாட்டும் தடிகளை நடுவார்கள். முதற்பனி மெல்லியதாக இருக்கும். அதன்மேல் இயந்திரத்தை விட முடியாது. காலால் மிதித்தே இறுக்குவார்கள். சம்பளம் கிடையாது. நாம் சிரமதானம் என்கிறோமே, அதுதான்.

இதைச் சொன்னபோது ஓர் உத்தியோகத்தர், “அவ்வளவு பணக்கார நாட்டில மாநகரசபை இல்லையா, அன்ரி?” என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கேள்வி நியாயமானதுதான். நானும் ஒருமுறை மகனிடம் தொலைபேசியில் அதையே கேட்டேன். “ஓம் அம்மா, இருக்குது. அவையளும் எங்களோட வந்துதான் மிதிக்கினம்” என்றான்.

4. நிமலன் கடந்த பெப்ரவரியில் மாரடைப்பால் இறந்துவிட்டான். எனக்கு விசா கிடைக்குமுன் அடக்கம் முடிந்துவிட்டது. பெட்டியைத் தூக்கியவர்கள் அவனோடு அந்தப் பாதைகளில் வேலை செய்த தொண்டர்கள் ஆறு பேர். மருமகள் மயூரி அவனுடைய கம்பளிச் சட்டையை எனக்கு அனுப்பினாள். அலுமாரியில் வைத்துப் பூச்சிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. பிரித்து, நூலைக் கழுவி உலர்த்தி, அந்த ஆறு பேருக்கும் பின்னினேன்.

5. கடைசியாக நான் வந்த அன்று, உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதா என்று பார்க்க, ஓர் இளம் உத்தியோகத்தர் ஒரு கையுறையின் பெருவிரலை என் கண்முன்னே கத்தரிக்கோலால் வெட்டினார். புரட்டிப் பார்த்தால் போதும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வெட்டியாயிற்று. “சொறி அன்ரி” என்றார். வருந்தினார் என்றே நம்புகிறேன். ஆனால் பின்னலில் ஓர் இழை அறுந்தால் பக்கத்து இழைகளும் கழலத் தொடங்கும். யாராவது எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஓட்டை பெரிதாகும்.

6. இவ்வாண்டு அங்கே வேலை நவம்பர் 15, சனிக்கிழமை தொடங்குகிறது. நிமலன் கவனித்துவந்த பகுதியில்தான் முதலில் கைவைக்கப்போவதாக எழுதியிருக்கிறார்கள்.

ஐயா, எனக்கு நட்டஈடு வேண்டாம். யாரையும் விசாரிக்கவும் வேண்டாம். வெட்டப்பட்ட கையுறையை ஒரு நாளைக்கு என்னிடம் தாருங்கள். மறுநாள் காலையில் நானே கொண்டுவந்து ஒப்படைப்பேன். அதன்பின் பொதியைத் தாமதமின்றி அனுப்பிவையுங்கள். மற்றவற்றையும் பார்க்க வேண்டுமானால், ஒவ்வொன்றாக நானே புரட்டிக் காட்டுவேன். அந்த நூலில் ஒரு சிறு உருண்டைதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. ஒரு பெருவிரலுக்குப் போதும். இன்னொன்றை வெட்டினால் போதாது.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
பி. யேசுரட்ணம்

இடம்: வெள்ளவத்தை
திகதி: 22.10.2025