குடல் கழுவ ஒரு விரதம்

என் உயிரான அண்ணா,

வெள்ளவத்தையில் என்னைப் பக்திமானாக்கிவிட்டார்கள். சிரிக்காமல் கேளுங்கள்.

நீங்கள் போன பிறகு உங்கள் மகள் யாழினி என்னை விடவில்லை. குடற்புற்று எப்படித் தொடங்குகிறது என்பதுதானே ஆய்வுகூடத்தில் அவளுடைய வேலை. "அப்பாவைக் கொண்டுபோனது கூடப்பிறந்த உங்களுக்கும் வரலாம், சித்தப்பா. சின்னக் கட்டி பேசாமல் இருக்குதெண்டு நினைக்காதைங்கோ. உடம்பிலை இருக்கிற கலங்களைச் சுத்தி வலை மாதிரி ஒரு பிடிமானம் இருக்கு. அதைக் கரைக்கிற நொதியங்கள் ஆரம்பத்திலையே வேலையைத் தொடங்கியிடும். வலை கரைஞ்சால் வழி திறந்திடும்" என்றாள்.

நம் மாடிக் குடியிருப்பில் அனுமதி கேட்காமல் சுவர் இடிப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். முதலில் ஓர் ஆணி, பிறகு முழுச் சுவர். குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கச் சம்மதித்தேன்.

ஆனால் எந்த வழியால் விடுகிறார்கள் என்று ஊருக்குச் சொல்ல முடியுமா? பரிசோதனைக்கு முதல் நாள் சாப்பிடக் கூடாதாம். கீழ்வீட்டு சரோ அக்கா, "ஏன் தம்பி சாப்பிடேல்லையோ?" என்று கேட்டார். "விரதம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பின்னேரம் பேதி மருந்து வேலையைக் காட்டியது. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கீழ்வீடு முழுவதும் கேட்டிருக்க வேண்டும். சரோ அக்கா படியில் நின்று கூப்பிட்டார்: "எத்தினை தரம் முழுகுறாய் தம்பி! உன்ரை ஆசாரம் ஐயருக்கும் வராது!" மறுமொழி சொல்ல நேரமில்லை, மறுபடியும் ஓடினேன்.

மறுநாள் ஒரு சிறு கட்டியை வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து வீட்டுக்கு வந்தால், விரதம் முடித்தவனுக்குப் பாறணை என்று ஏழு கறியும் பாயாசமுமாக வாசலில் சரோ அக்கா. வெட்கமாகப் போய்விட்டது. கமரா போன வழி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. பாயாசச் சட்டியை மூடினார். "தம்பி, எனக்கும் ரெண்டு மாசமா இரத்தம் போகுது. ஆரிட்டைச் சொல்லுறது?"

அண்ணா, நீங்களும் மூலம் மூலம் என்று ஒரு வருடம் மறைத்தீர்கள். கேட்டபோதெல்லாம் "ஒண்டுமில்லையடா" என்றீர்கள். வெட்கத்துக்கு ஒரு பொய் வேண்டுமென்றால், விரதம் என்று சொல்லிவிட்டாவது பரிசோதனைக்குப் போயிருக்கக் கூடாதா?

என் அறிக்கை வந்துவிட்டது. கட்டி தன் வேலையைத் தொடங்கியிருந்ததாம், ஆனால் சுவரைத் தாண்டவில்லையாம். திங்கட்கிழமை சரோ அக்காவின் முறை. ஊருக்கு விரதம் என்றுதான் சொல்லப் போகிறார். நானும் கூடப் போகிறேன். தேநீருக்கே தண்ணீர் கொதிக்க வைக்கத் தெரியாத நான்தான் அவருக்குப் பாறணை சமைக்கப் போகிறேன். என் கறியைச் சாப்பிட்டும் அவர் பிழைக்க வேண்டும். உங்களை விட்டதுபோல அவரை விடமாட்டேன், அண்ணா.

உங்கள் மேல் கோபம் இன்னும் ஆறாத,
தம்பி