ஸ்கேனுக்கு முன் குடித்த டீ

அண்ணே,

இன்று காலை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையைத் தாண்டும்போது குமட்டிக்கொண்டு வந்தது. கொதித்துக் கொதித்துக் கசந்துபோன டிகாஷன் வாடை. அங்கே உங்களோடு நின்று குடித்த நாளிலிருந்தே இதே பாடுதான் என்று எழுத வந்தேன். பொய். அன்று டீ நன்றாகத்தான் இருந்தது.

நடந்தால் நெஞ்சைப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். ஒரு வருஷமாக ஆண்டிமடத்தில் வீட்டுக்கும் முந்திரித் தோப்புக்கும் இடையே நின்று நின்றுதான் நடந்தீர்கள். முழங்கால் வலியோடு டிரெட்மில் மெஷினில் நடக்க முடியாது என்று, மருந்து ஏற்றி ரத்தக்குழாயை விரியவைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்குத் திருச்சிக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர். முதல் நாளிலிருந்தே டீ, காபி கூடாது, மருந்து சரியாக வேலை செய்யாது என்று சீட்டிலேயே இருந்தது. "ஒரு வாய் டீதானே, குடிங்கண்ணே" என்று போகும் வழியில் அந்தக் கடையில் வாங்கிக் கொடுத்தவன் நான்.

நர்ஸ் கேட்டபோது நீங்கள் வாயைத் திறந்தீர்கள். நான் முந்திக்கொண்டேன். "இல்லைங்க சிஸ்டர், பச்சத்தண்ணி மட்டுந்தான்." குடித்தது தெரிந்தால் வேறு நாள் வரச் சொல்வார்கள், எனக்கு இன்னொரு நாள் லீவு கிடைக்காது. அவ்வளவுதான் காரணம். "கெட்டிக்காரன்டா நீ" என்று சிரித்தீர்கள்.

ரத்த ஓட்டம் குறையவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அப்புறம் நெஞ்சு பிடித்தபோதெல்லாம், "ஸ்கேனே நல்லாருக்கு, இது வாயுதான்" என்பீர்கள். நானும் தலையாட்டினேன். மூன்றாம் மாதம் தோப்பிலேயே விழுந்தீர்கள். அந்த டீயால்தான் ஸ்கேன் தப்பாகிப்போனது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அது எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது தெரியுமா? அந்த வசதியை நினைத்தால் என் முகத்திலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

சாவு வீட்டில், "கூடப்பொறந்தவன் மாதிரி அலைஞ்சியேப்பா" என்று எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள். வெட்கமில்லாமல் கையைக் கொடுத்தேன். "ஸ்கேன் நல்லாத்தானே இருந்துச்சு தம்பி, அப்பறம் எப்புடிங்க?" என்று அண்ணி கேட்டார். "ஏமாத்துக்காரனுவ அண்ணி, எல்லாம் காசு புடுங்கற வேலை" என்றேன்.

இப்போது உங்கள் தம்பிக்கும் நடந்தால் நெஞ்சு பிடிக்கிறது. அதே ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "அண்ணனுக்கு எடுத்து என்னத்தக் கிழிச்சானுவ? ஏமாத்துன்னு நீதானே சொன்ன" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார். போகவே மாட்டாராம். "நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி" என்று அண்ணி என் முகத்தைப் பார்த்தார்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "அவருக்குப் புடிக்கலன்னா விடுங்க அண்ணி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த வாக்கியம் இன்னும் என்னிடமேதான் இருக்கிறது, அண்ணே.