மூத்தவளின் கார்

என்னங்க,

நீங்கள் வேலையாக வெளியூர் போன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மூத்தவள் ஓட்டிய அந்தப் பழைய காரின் அடியில் துருவைச் சுரண்டிவிட்டு, பாதிக்குத்தான் கறுப்புப் பூச்சு அடித்திருந்தீர்கள். மீதி அரித்துப்போகட்டும் என்று விட்டுவிட்டேன். இறந்தவளோடு என்ன போட்டி என்பீர்கள். என் முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரமில்லாதவர், அதன் வயிற்றைத் தடவிக்கொண்டு படுத்திருந்தால் எனக்கு எரியாதா?

நேற்று உங்கள் மகள், "சித்தி, அம்மா கார் ஓட்டையாயிடுமா?" என்று அழுதாள்.

"நான் இருக்கேன்ல, விட்டுடுவேனா?" என்றேன்.

சொல்லிவிட்டேனே என்று சாக்கை விரித்துப் படுத்து, புதிதாக ஏறிய துருவைத் தேய்த்தெடுத்து, மீதிக்கும் நானே பூசி முடித்தேன். மூத்தவளுக்காக இல்லை.

பூச்சு என் தலைமுடியெல்லாம் அப்பியிருக்கிறது. எண்ணெய் தொட்டு இழை இழையாகத்தான் எடுக்க வேண்டும். நான் எடுக்கப்போவதில்லை. நீங்கள் வந்து எடுங்கள்.

இரண்டாவதாக வந்தவள்