மஞ்சள் பூத் துணி

அலவத்துகொட,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கச்சி நப்லாவுக்கு,

ராத்தாவின் ஸலாம். மெல்பேர்ன் குளிரில் நீயும் உன் மாப்பிள்ளை அமானும் விறைத்துப் போகாமலிருக்க துஆ செய்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் மச்சானுக்கு வயிறு வளர்கிறது, எனக்கு நாக்கு.

எனக்குப் புதுப் பைத்தியம் ஒன்று பிடித்திருக்கிறது. விளையாட்டுச் சீட்டளவு அட்டையில் துணி, முத்திரை, பஸ் டிக்கட், தேயிலைப் பக்கெட்டின் வெள்ளித்தாள் என்று கிடைத்ததை ஒட்டிச் சாயம் தீட்டுவது. இதே பைத்தியம் பிடித்தவர்கள் மாதமொருமுறை கண்டியில் கூடி அட்டைகளை மாற்றிக்கொள்வோம். விற்கக் கூடாது, மாற்றலாம், அல்லது வைத்துக்கொள்ளலாம். நான் வரைந்த பூனையைப் பார்த்து இல்மா டீச்சர், பலாப்பழம் நல்லா வந்திருக்கு என்றார். நானும் பலாப்பழம் என்றே சொல்லி மாற்றிவிட்டேன்.

போன மாதம் மட்டும் என் அட்டைகளுக்கு அடிபிடி. எல்லாம் துணியின் அழகு. நீ இங்கே விட்டுப்போன அலுமாரியின் அடித்தட்டில் இருந்த மஞ்சள் பூத் துணி. கை ஒரு துண்டு, கழுத்து ஒரு துண்டாக, ஊசியும் குத்தியபடி கிடந்தது. மிச்சத் துணி என்று நினைத்து, ஆறு அட்டைக்கு வெட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நீ போனில், அந்தக் குட்டிச் சட்டையை அனுப்பு ராத்தா, தைத்து முடிக்க இப்போதுதான் மனம் வந்திருக்கிறது என்றாய். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்று மடித்து வைத்ததாம். அது அந்தச் சட்டை என்று எனக்குத் தெரியாதே, நப்லா. இத்தனை பெரிய வாயில் "அனுப்புறன்" என்ற பொய் மட்டும்தான் வந்தது.

அன்றிலிருந்து வீடு வீடாகத் திரிந்து திருப்பி மாற்றுகிறேன். இல்மா டீச்சர், பதிலுக்குப் பலாப்பழம் மட்டும் வேண்டாம் என்று சொல்லி அட்டையைத் தந்தார். ஐந்து வந்துவிட்டது. ஆறாவது, கடுகண்ணாவையில் இருக்கும் டிலானியிடம். தொட்டிலுக்கு மேலே கட்டியிருக்கிறாள். "அக்கா, புள்ள கண்ணு முழிச்சா மொதல்ல இதத்தான் பாத்துச் சிரிக்குது" என்றாள். தேத்தண்ணீர் குடித்துவிட்டு, கேட்காமலே பஸ் ஏறினேன்.

ஐந்தையும் இதோடு அனுப்புகிறேன். பசை ஊறிவிட்டது; பிரித்தால் கிழியும், சட்டையாக்க முடியாது. ஆறாவதைக் கேட்டு வாங்கவா, அங்கேயே விடவா? நீ சொல்வதுதான். எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு, கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அல்லாஹ் உன் மடியை நிறைக்கட்டும்.

உன் ராத்தா,
பஸ்லினா