இரண்டு மரக்கால், ஒரே பெயர்

இன்று காலை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நெல் அளக்கும் மரக்காலைத் துடைத்தேன். பித்தளைப் பூண் கட்டிய இடுக்கில் ஒரு நெல் சிக்கியிருந்தது. நீ கொட்டிய நெல்லாக இருக்கலாம். பூச்சி வரும், எடுத்துவிட வேண்டும் என்பது விதி. எடுக்கவில்லை.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போன லாரி உன் ஸ்கூட்டியை இடித்துப் போட்டது. அந்த லாரிகள் இன்றும் அதே வேகத்தில்தான் போகின்றன. உனக்காக யாரும் ஒரு வேகத்தடைகூடப் போடவில்லை.

மேலகரத்தில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் இந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்கு நாம் ஒரே நாளில் ஒப்பந்த வேலைக்கு வந்தோம். பழைய பதிவேட்டில் ஆளாளுக்கு ஒரு பெயர் எழுதி வைத்திருந்தார்கள். ஒரே ஆட்டுரல் ஒரு பக்கத்தில் ‘உரல்’, இன்னொரு பக்கத்தில் ‘கல் பாத்திரம்’. அதையெல்லாம் கணினியில் ஏற்றி, சென்னையிலிருந்து வந்த பட்டியலில் உள்ள பெயரையும் வகையையும் மட்டுமே வைக்க வேண்டும். எனக்கு அந்தப் பட்டியல் பிடித்திருந்தது. ஒரே பெயர் இருந்தால்தானே தேடினால் கிடைக்கும்?

ஒரு பெரிய வீட்டிலிருந்து வந்த இரண்டு மரக்கால்களை நான்தான் பதிந்தேன். நெல் அளக்கும் பாத்திரங்கள். ஒரே உயரம், ஒரே வாய் அகலம், ஒரே பூண். முதல் வரியை நகலெடுத்துப் பதிவு எண்ணை மட்டும் மாற்றினேன். பெயர்: மரக்கால். வகை: அளவைக் கருவிகள். அரை நிமிஷ வேலை.

உள்பக்கம் துடைத்துக்கொண்டிருந்த நீ நிமிர்ந்தாய். “ஏட்டி, இதுல கை முழுசா உள்ள போகமாட்டேங்குது. அடி மேல நிக்குது.”

“ஒனக்குக் கை நீளம்ட்டி.”

“ஏட்டி, போ. காப்பி அடிச்ச கழுத, உள்ள பாத்தியா?”

மறுநாள் கடையத்திலிருந்து ஒரு பை நெல்லோடு வந்தாய். அடி மேலே நின்றதை நிரப்பித் தலை வழித்து, மற்றதில் கொட்டினாய். இரண்டு விரல் குறைந்தது. அடிப்பலகையைத் தடிமனாக வைத்து, வெளியே தெரியாமல் செய்திருந்தார்கள். குத்தகை நெல்லை வாங்கப் பெரியது. அறுப்புக் கூலியைக் கொடுக்கச் சின்னது.

மேற்பார்வையாளர் சார் வந்து பார்த்தார். “உண்மையா இருக்கலாம்மா. ஃபார்ம்ல கொள்ளளவுக்குக் கட்டம் இல்லையே. பட்டியல்லயும் மரக்கால்னு ஒரே பேருதான் இருக்கு.”

“அப்போ பட்டியலும் அவங்க வீட்டு ஆளா சார்?” என்றாய். நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. குறிப்புக் கட்டத்திலாவது எழுது என்று என்னிடம் சொன்னாய். எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. அடுத்த மாதம் நீ இல்லை.

போன மாதம் கணினி அந்த இரண்டு வரிகளையும் ‘இரட்டை’ என்று காட்டியது. ஒரே மாதிரி இரண்டு இருந்தால், ஒன்றைக் கொடுத்தவருக்கே திருப்பலாம் என்பது விதி. இடமும் இல்லை. பெரிய வீட்டுப் பேரன் காரோடு வந்துவிட்டார். குற்றாலத்தில் அவர் கட்டும் ரிசார்ட்டின் வரவேற்பறையில் பூ மிதக்கவிட வேண்டுமாம். சின்னதைத் தூக்கிப் பார்த்து, “இது போதும், நல்லா கனமா இருக்கு” என்றார்.

அது அந்த வாசலைத் தாண்டினால் நீ கண்டுபிடித்தது பொய்யாகிவிடும். பெரிய மரக்கால் மட்டும் இருந்தால் அது வெறும் மரக்கால்தான். பக்கத்துக் கடைக்கு ஓடி நெல் வாங்கி வந்து, நீ செய்ததை அவர் கண்ணெதிரே செய்தேன். அவசரத்தில் கொஞ்சம் சிந்தியது.

அவர் குறைந்த இடத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சாரிடம் சொன்னார்: “ரெண்டையும் குடுத்துருங்க.”

இதை நான் யோசிக்கவே இல்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முடியாதுங்க. இரட்டையா இருந்தாத்தான் ஒண்ணைத் திருப்ப விதி. இது ரெண்டும் வேற வேறன்னு இப்ப ஆயிடுச்சே.” அவர் துணிச்சலில் சொல்லவில்லை. விதியை மீற அவருக்குப் பயம். அந்தப் பயம் ஒருநாள் நம் பக்கம் நின்றது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கடையம் போய், அந்த வீட்டு வயலில் கூலிக்கு அறுத்த உன் அம்மாவிடம் சொன்னேன். “ரெண்டா? எங்க கண்ணுல ஒண்ணுதானே காட்டுவாங்க” என்றார்கள். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்: “கூலி நெல்ல எங்க வீட்டுப் படியில அளந்தா எப்பவும் கொறையும் பிள்ளே. வழியில சிந்திட்டு வாரேன்னு எங்க மாமியா என்னைய அடிக்கும். நானும் சிந்திட்டேன்னுதான் நெனச்சேன். திரும்ப நடந்து போயி வரப்புல தேடுவேன்.”

என் பெயரில் இருந்த நகல் வரியை அழித்துப் புதிதாகப் பதிந்தேன். பெயர்க் கட்டத்தில் இன்னும் ‘மரக்கால்’தான், பட்டியல் வேறெதையும் ஏற்காது. குறிப்புக் கட்டத்தில், எவ்வளவு குறைகிறது என்பதற்குக் கீழே, உன் அம்மா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் ஏற்றியிருக்கிறேன். சார் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தாலும் எடுக்க மாட்டேன். எழுதி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நீ கேட்டபோதும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.