ஓய்வு கொடுக்கக்கூடாத சேறு

செவ்வாய்க் கிரகம், மூன்றாம் கிணறு. காலை 6.20

நிலாவுக்குத் தபால் கப்பல் விட ஆரம்பித்த வருடம் இது. திருச்செங்கோட்டுத் தேர் அச்சு முறிந்து நடுத்தெருவில் நின்றதும் இதே வருடம்தான். என் கணக்கு இப்படித்தான் இருக்கும். எழுத்து எனக்கு வராது. துளை போடும் ரிக் வண்டி நாச்சிமுத்து சொல்கிறேன், இந்தப் பெட்டி எழுதிக்கொள்கிறது.

கம்பிவடம் சரி. பம்பு சரி. ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகுகிறது. வாஷரை மாற்றச் சொல்லிப் போன மாதமே கத்தினேன், கேட்க நாதியில்லை. துளையில் சேறு ஓடுகிறது. எங்கள் ஊர்ப் பாறையில் காற்றடித்தே துளைத்துவிடுவோம். இங்கே துளை இடிந்து மூடாமலிருக்க வாய்வரை இந்தச் சேறு நிற்க வேண்டுமாம்.

இன்று ஆயுத பூஜை.

பகல் 11.05

சேற்றுப் பொறியாளர் இளவேணி காற்றடைத்த கூண்டில் ஏறிச் சேற்றுக்குள் இறங்கியிருக்கிறாள். அடியிலிருக்கும் துளைப்பானுக்கு, கூண்டின் இரும்புக் கையால் பொட்டு வைப்பாளாம். சேற்றில் பொட்டு நிற்குமா என்று கேட்டால் சிரிக்கிறாள். பூஜைக்காகப் பம்பை நிறுத்தியாயிற்று. அரை மணிக்கு மேல் நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கிணற்றுத் தலைவர் கிருபாகரன் பேச்சை முடிக்கவேயில்லை. ஒருவழியாக முடித்துக் கற்பூரம் ஏற்றினால், புகைக்குத் தீமணி அலறி மின்சாரம் தானாக அறுந்துவிட்டது. இனி அந்த மணிப் பெட்டி மனசு வைத்தால்தான் பம்பு ஓடும். எவன் செய்த பெட்டியோ!

பிற்பகல் 2.30

மின்சாரம் வந்துவிட்டது. கூண்டு அசையவில்லை. வடத்தை இழுத்தால் அறுந்துவிடும். கூண்டிலிருந்து இளவேணியின் கம்பிப் பேச்சு:

"அப்பாரு, மேல பொரி தின்னாச்சா? இங்க நான் கூழுல மாட்டுன ஈ."

"ஏன் அம்முணி, காலையில தண்ணியாட்டம் ஓடுச்சே, இப்ப எப்படி இறுகும்?"

"தண்ணிய ஆட்டுனாலும் ஆட்டாட்டியும் ஒண்ணுதானுங்க. சோளமாவுக் கரைசல அடிச்சா கெட்டியாகும். இது சாஸு மாதிரி, ஆட்டுனா இளகும், சும்மா வுட்டா உறையும். பம்ப முழுசாத் தொறந்து முட்ட வேண்டாம்னு தலைவர்கிட்டச் சொல்லுங்க. கூண்டு மோட்டார ஓட்டிச் சன்னமா அதிர வெச்சா போதும்."

சொன்னேன். அதற்கு நேரமில்லை என்கிறார். இருட்டும் வரைக்கும்தான் கூண்டில் காற்று இருக்கிறது. அந்தப் பதற்றத்தில் மனிதர் யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை.

மாலை 4.10

பம்பை முழுசாகத் திறந்தார்கள். குழாய் வெடித்தது. பம்புக் கூடத்தின் சுவர் பிளந்து காற்றெல்லாம் வெளியே போய்விட்டது. தலைவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வெல்டர் மாசிலாமணியும் போய்விட்டான். கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஒருவன். எத்தனை தடவை சொன்னேன்! எத்தனை தடவை!

மாலை 5.00

மின்சாரம் பாதிதான் மிச்சம். ஒன்று, என் அறைக்குக் காற்று தரும் இயந்திரம் ஓடலாம். இல்லையென்றால் கூண்டின் மோட்டாரும் வடமும் ஓடலாம். இரண்டும் சேர்ந்து ஓடாது. கூண்டு மேலே வந்தால் கிணற்று வாயிலிருக்கும் தனிக் காற்றுத் தொட்டியில் பூட்டிக்கொள்ளும். அதில் நாளை வரைக்கும் காற்று இருக்கிறது. இரண்டாம் கிணற்றிலிருந்து உதவி வண்டியும் நாளைக்குத்தான் வரும்.

"அப்பாரு, காத்த நிறுத்தாதீங்க. நான் சொல்றதக் கேளுங்க."

"இங்க ஒரு மெஷினும் எம் பேச்சக் கேக்கல. நீயாவது கேளு அம்முணி. வாய மூடிட்டு உக்காரு."

சுவிட்சைக் கூண்டுப் பக்கம் திருப்பிவிட்டேன்.

மாலை 6.20

வடம் லேசாக நடுங்குகிறது. சேறு இளகுகிறது. சனியன், இத்தனை மெதுவாகவா? ஏறு. ஏறித் தொலை.

தலை கிறுகிறுக்கிறது. அவள் கத்துகிறாள், திட்டுகிறாள். திட்டட்டும். மூச்சு இருப்பவர்கள்தான் திட்ட முடியும்.

நேரம் பதிவாகவில்லை

கூண்டு மேலே வந்து தொட்டியில் பூட்டிக்கொண்டது. சத்தம் கேட்டது.

நாளை வருகிறவர்களே, என் அறைக் கதவை உடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். நேரே கிணற்று வாய்க்குப் போங்கள். இங்கே உயிரோடு ஒருத்திதான்... அவள் பெயர் இளவேணி.